எட்டு நிறைந்தும் நட்டம்தான்

கடிதம்:

ஐயா, பிளஸ் ஒன் வகுப்பில் வேதிப்பிணைப்பு நடத்துகிறேன். ‘வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிலையை அடையவே சோடியம் தன் இணைதிற (பிணைப்பில் பங்கேற்கும்) எலக்ட்ரானை இழக்கிறது’ என்று சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள்: “அப்படியானால் தனியாக இருக்கிற சோடியம் அணு ஏன் தானாகவே அதை உதறிவிடவில்லை? மெக்னீசியம் ஏன் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு நிற்பதில்லை?” அவளுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு வேதியியல் ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவியைப் பாராட்டுங்கள். எந்த அணுவும் எலக்ட்ரானைச் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. சோடியத்திடமிருந்து அந்த ஒன்றைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் செலவாகிறது (கீழே ஆற்றல் எல்லாமே இதே அலகு). குளோரின் அதை வாங்கிக்கொள்ளும்போது கிடைப்பது 349. இரண்டுக்கும் எட்டு நிறைந்துவிட்டது, ஆனாலும் கைநட்டம் 147.

ஈடுகட்டுவது எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு. இரண்டு அயனிகளும் சுமார் 9.4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளிக்கு நெருங்கும்போதே அந்த 147 திரும்பிவிடும். உப்புப் படிகத்தில் இடைவெளி 2.8 தான், போதாததற்கு ஒவ்வொரு அயனியையும் ஆறு எதிர் அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. அதனால் படிகக்கூடு ஆற்றல், அதாவது தனித்தனி அயனிகள் படிகமாகச் சேரும்போது கிடைப்பது, 787.

இதைப் பலகையில் வரவு செலவாகவே போடுங்கள். சோடியத்தை ஆவியாக்க 107, குளோரின் அணு ஒன்றைப் பிரித்தெடுக்க 122, எலக்ட்ரானை நீக்க 496: செலவு 725. வரவு 349, 787: மொத்தம் 1136. மிச்சம் 411. உப்பின் உருவாதல் வெப்பமாக அட்டவணையில் இருப்பதும் இதே எண்தான். போர்ன்–ஹேபர் சுற்று என்ற இந்த வரவு செலவுக் கணக்கை வெப்ப இயக்கவியல் பாடம் வரும்வரை தள்ளிப்போடாமல் பிணைப்போடு சேர்த்தே நடத்துவது நல்லது என்பேன்.

மெக்னீசியம் ஒரே குளோரினோடு நின்றாலும் நட்டமில்லை! படிகக்கூடு ஆற்றலை உப்பைப் போல 787 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே வரிசையில் செலவு 147, 122, 738, ஆக 1007. வரவு 1136. மிச்சம் 129. ஆனால் 1451 செலவிட்டு இரண்டாவதையும் கொடுத்தால், இரட்டை மின்சுமையால் படிகக்கூடு ஆற்றல் சுமார் 2526 ஆக ஏறி, மிச்சம் ஏறத்தாழ 641 ஆகிறது. ஒற்றைக் குளோரைடு இரண்டு மோல் உருவானாலும் மிச்சம் 258 தானே? அதனால் அது நிலைக்காது. ஒரு மோல் மெக்னீசியமாகவும் ஒரு மோல் இரட்டைக் குளோரைடாகவும் பிரிந்துவிடும்.

சோடியமும் இரண்டு கொடுக்கலாமே என்று அடுத்து கேட்பாள். அதன் இரண்டாவது எலக்ட்ரானுக்கு 4562 வேண்டும். அது உள்கூட்டில், அணுக்கருவுக்கு நெருக்கத்தில், மற்ற எலக்ட்ரான்களின் மறைப்பு குறைவாக இருக்கிறது. படிகம் 2526 தந்தாலும் 2200 போல நட்டம். மெக்னீசியத்துக்கு இந்தத் தாவல் மூன்றாவதில் வருகிறது: 7733. தாவலுக்கு முன்னால் இருப்பவையே இணைதிற எலக்ட்ரான்கள். இரும்பு போன்றவற்றில் இது இவ்வளவு பளிச்சென்று தெரியாது. அவற்றை இந்த வகுப்பில் இழுக்க வேண்டாம்.

மாணவர்கள் பிசகும் இடம் ஒன்று உண்டு. குளோரின் இரண்டானால் 122 என்பது 243 ஆகவும், 349 என்பது 698 ஆகவும் மாற வேண்டும். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். விடை 120 போலவோ 350 போலவோ தள்ளி வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.