நாலு திராட்சை சேர்ந்தால் கலப்படமா?

மேசைப் பேச்சு: வாசகர் கேள்வி – பதில்
(பதில் சொல்பவர் புதுச்சேரி உணவகங்களில் ஒயின் பரிமாறியே தலை நரைத்தவர்)

கேள்வி: மெல்போர்னில் வேலை பார்க்கும் என் மகன், லீவில் வந்தபோது ஒரு ரெட் ஒயின் கொண்டுவந்தான். 'யாரா யெரிங் ட்ரை ரெட் நம்பர் ஒன்' என்று பெயர். விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. கேபர்னே சாவிஞோன், மெர்லோ, மால்பெக், பெட்டி வெர்டோ என்று நாலு திராட்சை சேர்ந்ததாம். இவ்வளவு காசு கொடுத்துக் கலவையையா வாங்குவது? ஒரே திராட்சையில் செய்ததுதானே சுத்தம்? ஷோகேஸில் நிற்க வைத்திருக்கிறேன். பேத்தி கல்யாணத்துக்கு எடுக்கலாமா?
– வாசகர், முதலியார்பேட்டை

பதில்: முதலில் பாட்டிலை ஷோகேஸிலிருந்து இறக்குங்கள் ஐயா, மற்றதைப் பிறகு பேசுவோம். ஒயினுக்கு 13, 14 டிகிரி வேண்டும், அதுவும் ஏறி இறங்காமல். நம்மூர் ஹால் சித்திரையில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நல்ல நிலவறையில் இந்த ஒயின் பதினைந்து வருஷம் அலுங்காமல் கிடக்கும். உங்கள் ஷோகேஸில் இரண்டு கோடையைத் தாண்டினால் அதிசயம். ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் படுக்க வையுங்கள். வரும் தீபாவளிக்குள் திறந்துவிடுங்கள். பேத்தி கல்யாணத்துக்கு மகன் வேறொன்று கொண்டுவரட்டும்.

இனி கலவைக்கு வருவோம். கடலூர்ப் பக்கத்து விவசாயி கரும்பை மட்டும் நம்பாமல் கொஞ்சம் மல்லாட்டை, கொஞ்சம் மரவள்ளி என்று போட்டு வைப்பாரே, அதே கணக்குதான். குளிர்ப் பிரதேசத்தில் வெயில் நிச்சயமில்லை. கேபர்னே சாவிஞோன் தாமதமாகப் பழுக்கும். அந்த வருஷம் வெயில் குறைந்தால் ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாடை வரும், துவர்ப்பும் நாக்கை இழுக்கும். மெர்லோ ஓரிரு வாரம் முந்திப் பழுத்து, சதைப்பற்றோடு மெத்தென்று இருக்கும். ஒன்று காலை வாரினாலும் மற்றொன்று தாங்கும். மால்பெக் நிறத்துக்கும் நடுநாக்கு நிறைவுக்கும். பெட்டி வெர்டோ இருப்பதிலேயே கடைசியில் பழுக்கும் பிடிவாதக்காரன், கொஞ்சம் சேர்த்தாலே நிறமும் முறுக்கும் கூடிவிடும். பொதுவாக ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பறித்து, தனித்தனியாக நொதிக்க வைத்து, பீப்பாயில் வைத்து ருசி பார்த்த பிறகுதான் எது எவ்வளவு என்று முடிவு செய்வார்கள். பிரான்சில் போர்தோ பகுதிக்காரர்கள் அட்லாண்டிக் மழைக்குப் பயந்து காலங்காலமாகச் செய்துவரும் வேலை இது. ஒரே திராட்சைதான் உசத்தி என்று பேசுகிறவர்களுக்கு நான் அதிகம் பரிமாறியிருக்கிறேன். பாதிப் பேர் லேபிளைத்தான் குடிக்கிறார்கள்.

உங்கள் பாட்டிலின் தோட்டத்துக்கு ஒரு கதை உண்டு. மெல்போர்னிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் யாரா பள்ளத்தாக்கு. 1838-இல் ரைரி சகோதரர்கள் அங்கே கொடி நட்டார்கள். 1889 பாரிஸ் கண்காட்சியில் பரிசு வாங்கும் அளவுக்கு அந்த ஊர் ஒயின் வளர்ந்தது. பிறகு ஜனங்களுக்கு ஸ்பிரிட் ஏற்றிய தித்திப்பு ஒயின்தான் பிடித்தது. 1920-கள் வந்தபோது கொடியைப் பிடுங்கிவிட்டு மாடு மேய்க்கப் போய்விட்டார்கள். அந்த மேய்ச்சல் நிலத்தில் 1969-இல் மறுபடி கொடி நட்டவர்களில் ஒருவர் டாக்டர் பெய்லி காரோடஸ், தாவரவியல் படித்த மனிதர். வாராமேட் குன்றின் அடிவாரத்தில், வடக்குப் பார்த்த சரிவாகத் தேர்ந்தெடுத்தார், அதுதான் உங்கள் யாரா யெரிங் தோட்டம். தென்கோளத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும், அதனால் அந்தச் சரிவுக்குத்தான் வெயில் அதிகம். கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை, மழையோடு சரி. 1973-இல் முதல் அறுவடை. பழத்தை நொதிக்க வைக்க அவரே பெட்டிகள் செய்துகொண்டார்: மரப்பெட்டி, உள்ளே எவர்சில்வர் தகடு, ஒவ்வொன்றும் அரை டன் பழம் கொள்ளும். தேயிலைப் பெட்டி என்றே அவற்றுக்குப் பெயர். அவர் 2008-இல் காலமானார். 2013 முதல் ஒயின் செய்வது சாரா குரோ என்ற பெண்மணி. மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போய்வரச் சொல்லுங்கள்.

கேள்வி: கம்பத்தில் திராட்சை விளைகிறது. அப்படியானால் எங்கள் கடலூர் மண்ணில் இந்த கேபர்னே வராதா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: கொடி வரும் அம்மா, ஒயின் வராது. கம்பத்துப் பன்னீர் திராட்சை வேறு ரகம், மஸ்கட் ஹாம்பர்க். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அங்கே கடும் குளிர்காலம் கிடையாது, கிளையை வெட்டிக் கவாத்து பண்ணப் பண்ணப் பந்தலில் குலை தொங்கும். யாராவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொடி இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கும். செப்டம்பரில் துளிர்க்கும், மார்ச், ஏப்ரலில் அறுவடை. ராத்திரிக் குளிர் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றும். அந்தப் புளிப்புதான் இந்த ஒயினுக்கு முதுகெலும்பு. நம் உஷ்ணத்தில் சர்க்கரை மளமளவென்று ஏறிவிடும், புளிப்பு கரைந்துபோகும், விதையும் தோலும் பச்சையாகவே நிற்கும். போதாக்குறைக்கு ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. நாசிக்கில் மழை ஓயும் நேரம் பார்த்துக் கவாத்து பண்ணி, குளிர்மாதங்களில் பழுக்க வைத்துச் சமாளிக்கிறார்கள். குடிக்கும்படியான ஒயின்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் வார்ப்பு வேறு.

கேள்வி: இந்த மாதிரி ரெட் ஒயினுக்கு நம் சாப்பாட்டில் எது பொருந்தும்? வஞ்சிரம் வறுவல்?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: வஞ்சிரம் வேண்டாம், வாயில் இரும்பு நக்கியதுபோல் ஆகிவிடும். காரம் தூக்கலான கறிக்குழம்பும் ஆகாது. துவர்ப்பும் மிளகாயும் சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பு. ஆட்டுக்கறியை வடகம் தாளித்து, மிளகாயைக் குறைத்து, எலும்போடு வேகவிட்டுப் பாருங்கள். பாட்டில் வெளியில் இருந்தால் பரிமாறும் முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 17 டிகிரி அளவில் இருந்தால்தான் பழத்தின் மணம் தெரியும், சூடாக இருந்தால் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறும். ஐஸ் கட்டி போடுகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகவும்.

கேள்வி: பாண்டியில் நல்ல ஒயின் வாங்கி, பஸ்ஸில் கடலூருக்குக் கொண்டுவரலாமா? ஒரே ஒரு பாட்டில்தான்.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கூடாது. எல்லையில் சோதிப்பார்கள், பிடித்தால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறவர் இரண்டு லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம், அது வேறு கணக்கு. பாண்டியிலேயே யாராவது சிநேகிதர் வீட்டில் திறந்து குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடியுங்கள்.