சினிமா ட்ரெய்லர்கள் ஒலியாலும் காட்சியாலும் ஆம்பளைத்தனத்தை எப்படிக் கட்டுகின்றன?

பெரும்பாலும் ஒலியால்தான். காட்சி அதற்குத் துணை.

நான் தண்டையார்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன், சினிமாக்காரன் இல்லை. ஆனால் ட்ரெய்லர் மாதிரி ஒரு மாப்பிள்ளை என்ட்ரி கேட்காத வீடு எங்கள் பக்கம் இப்போது குறைவு. அதனால் பெரிய படங்களின் ட்ரெய்லரை டைம்லைனில் போட்டு ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்துப் பார்ப்பது என் வேலையில் பாதி. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஸ்லோ மோஷன் நடை. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேமில் ஓடுகிறது. ஒரு நடையை 120 ஃப்ரேமில் எடுத்து 24-ல் ஓட்டினால் ஒரு நொடி ஐந்து நொடியாக நீளும். மடித்துக் கட்டிய லுங்கி எழும்பி இறங்குவது, காலடியில் தூசி கிளம்புவது எல்லாம் துல்லியமாகத் தெரியும். ஆனால் அந்தக் காட்சிக்குச் சொந்தச் சத்தம் கிடையாது. நடந்தபோது செருப்பு போட்ட சத்தத்தை ஐந்து மடங்கு இழுத்தால் எதற்கும் ஆகாது. ஆகவே அந்த ஐந்து நொடியும் காலி இடம். எடிட்டர் அங்கே எதை வைக்கிறாரோ, அதுதான் அந்த ஆள். பாதம் தரையில் படும் ஃப்ரேமில், இரும்புக் கதவை அறைந்து பதிவு செய்த சத்தத்தை வைத்துப் பாருங்கள். அறுபது கிலோ மனிதன் லாரி எடைக்கு ஏறிவிடுவான்.

அப்புறம் பேஸ், அதாவது அடி ஒலி. தியேட்டரில் 5.1 என்கிறோமே, அதில் அந்தப் புள்ளி ஒன்று என்பது 120 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 120 அதிர்வு) கீழே உள்ள அடி ஒலிக்கென்றே ஒதுக்கிய சேனல். ஆணின் பேச்சுக் குரல் சுமாராக 85-லிருந்து 180 ஹெர்ட்ஸ், பெண்ணின் குரல் 165-லிருந்து 255. அதாவது நாயகனுக்குப் பின்னால் அதிர்கிற ஒலி, ஆண் குரலின் அடிமட்டத்தில் தொடங்கி அதற்கும் கீழே இறங்குகிறது. மனிதன் பேச முடியாத ஆழத்திலிருந்து வரும் அதிர்வை அவன் குரலோடு ஒட்டவைக்கிறார்கள். 2010-ல் வந்த இன்செப்ஷன் என்ற ஹாலிவுட் படத்தின் ட்ரெய்லரில் வரும் நீண்ட பித்தளை வாத்திய முழக்கத்துக்குப் பிறகு அந்த மாதிரி அடி எல்லா மொழிக்கும் பரவிவிட்டது. இன்றைக்கு நாம் ட்ரெய்லரைப் பார்ப்பது ஃபோனில். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் இவ்வளவு கீழே போக முடியாது. அதற்காக மிக்ஸிங்கில் கொஞ்சம் கரகரப்பைச் சேர்க்கிறார்கள். அதில் எழும் மேல் ஸ்வரங்கள் காதில் விழுந்தால் போதும், இல்லாத அடி ஸ்வரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும்.

எனக்கு இதையெல்லாம் விட முக்கியமாகப் படுவது அமைதி. நாயகன் வாய் திறப்பதற்கு முன் எல்லா டிராக்கையும் வெட்டிவிடுவார்கள். சுற்றி நிற்கும் கூட்டம் மூச்சு விடாது, தெருவில் நாய்கூடக் குரைக்காது. ஒரே ஒரு வரி. உடனே அடி. ஒருவன் பேச மற்ற அத்தனை பேரும் வாயடைத்து நிற்பதுதான் பலம் என்று காது பழகிவிடுகிறது. பெண் குரல் வரும் இடங்களைக் கவனியுங்கள்: ஒரு அலறல், ஒரு அழுகை, "வேணாம்யா, போகாத" என்று ஒரு கெஞ்சல். சந்தேகமாக இருந்தால் உங்களுக்குப் பிடித்த ட்ரெய்லரைச் சத்தமில்லாமல் ஒரு தடவை பாருங்கள், பிறகு கண்ணை மூடிக் கேளுங்கள். முதல் தடவை ஒருவர் நிதானமாக நடந்து வருவதுதான் மிஞ்சும். இரண்டாவது தடவை பயமே வரும்.

காட்சியில் செய்வது நமக்குத் தெரிந்ததுதான். தரையிலிருந்து மேலே பார்க்கும் கேமரா, பின்னாலிருந்து வெளிச்சம், முகத்தைக் காட்டுவதற்கு முன்பே பிடரியும் கையும்.

ஆனால் எங்கள் வடசென்னைக் கதை என்றால் எனக்குக் கோபம் வருகிறது. துறைமுக கிரேன், கண்டெய்னர், செம்மண் நிறத்தில் வானம், பறையடி, அடுத்த ஷாட்டில் பட்டாக்கத்தி. பறை இங்கே சாவுக்கும் அடிப்பார்கள், கோயில் திருவிழாவுக்கும் அடிப்பார்கள்; அந்தத் தாளத்துக்குப் பாட்டிகள்கூட ஆடுவார்கள். அதைக் கேட்டாலே வெட்டுக்குத்து ஞாபகம் வரும்படி செய்தது ட்ரெய்லர்தான்.

குத்துச்சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாக, அதாவது போட்டிக் குழுக்களாக, இங்கே வளர்ந்த ஆட்டம் இது. பயிற்சி நடக்கும் இடத்தில் நின்று கேட்டால் ஒவ்வொரு குத்துக்கும் பையன்கள் பல்லிடுக்கில் "ஸ்ஸ்" என்று மூச்சு விடுவது கேட்கும், வாத்தியார் ஓயாமல் கத்துவது கேட்கும், கயிறு தரையில் படுவது கேட்கும். கிளவுஸ் படும் சத்தம் மொத்தென்று சின்னதாகத்தான் இருக்கும். ட்ரெய்லரில் மூச்சு போய்விடும், வாத்தியார் போய்விடுவார், குத்து மட்டும் இடியாக நிற்கும். கற்றுக்கொள்கிற ஒருவன் அங்கே இல்லவே இல்லை.

கேரமும் அப்படித்தான். 2018-ல் வந்த வடசென்னை படத்தின் நாயகன் கேரம் ஆட்டக்காரன். நிஜத்தில் இந்தப் பகுதியிலிருந்து போய் உலகப் பட்டம் வாங்கியவர்களில் வியாசர்பாடி இளவழகி இருக்கிறார், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற புதுவண்ணாரப்பேட்டை காசிமா இருக்கிறார். அதே போர்டு, அதே பவுடர், அதே ஸ்ட்ரைக்கர். அந்த விரல்களை 120 ஃப்ரேமில் எடுத்து அந்த பேஸைப் போட்ட ட்ரெய்லர் ஒன்றும் என் கண்ணில் படவில்லையே என்று எனக்கு ஆதங்கம்.

என் மேசையிலும் இதே பழக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு "கெத்தா ஒரு பிஜிஎம் போடுங்கண்ணா" என்பார்கள், பெண்ணுக்குப் புல்லாங்குழல். இப்போதெல்லாம் ஷூட் அன்றைக்கே மாப்பிள்ளை அவருடைய அம்மாவோடும் நண்பர்களோடும் பேசுவதை ஒரு மைக் வைத்து எடுத்துக்கொள்கிறேன். என்ட்ரியில் பேஸைக் குறைத்து அந்தச் சிரிப்பையும் பேச்சையும் மேலே ஏற்றி ஒரு வெட்டு, அவர்கள் கேட்டபடி ஒரு வெட்டு, இரண்டையும் போட்டுக் காட்டுகிறேன். மாப்பிள்ளைகள் பலர் இன்னும் பேஸ்தான் கேட்கிறார்கள். அம்மாக்கள் மற்றதைத்தான் ஃபோனில் அனுப்பச் சொல்கிறார்கள்.