மூன்று அங்குலம் லிஃப்ட் செய்த பிறகு முன் டிரைவ் ஷாஃப்ட் ஏன் அதிர்கிறது? புதிய ஷாஃப்ட் வாங்க வேண்டுமா?

மூன்று அங்குலம் உயர்த்திய ஃபோர் வீல் டிரைவ் வண்டி 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் அதிர்கிறது, ஷாஃப்ட்டின் முனையில் வளைந்தபடி சுழல இடமளிக்கும் மூட்டான யூ ஜாயின்ட்டை மாற்றியும் சில மாதங்களில் அதிர்வு திரும்பிவிடுகிறது, ஆகவே எஞ்சின் விசையை முன் ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் முன் டிரைவ் ஷாஃப்ட்டையே புதிதாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே தொல்லையை என் வண்டியில் ஏறத்தாழ ஓராண்டு அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போதைக்கு வாங்க வேண்டாம், முதலில் கோணங்களை அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஷாஃப்ட்டில் குறை இருக்காது. அது இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை என்பதே குறையாக இருக்கும்.

அதற்கு முன், அதிர்வு உண்மையிலேயே முன் ஷாஃப்ட்டிலிருந்துதான் வருகிறதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். டூ வீல் டிரைவில் ஓட்டும்போது முன் ஷாஃப்ட் சும்மா இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். முன் சக்கரங்களில் ஃப்ரீ வீல் ஹப்போ ஆக்சிலைப் பிரித்துவிடும் வேறு அமைப்போ இல்லாத வண்டிகளில், உருளும் சக்கரங்களே அந்த ஷாஃப்ட்டை எப்போதும் சுழற்றிக்கொண்டிருக்கும். 33 அங்குல டயரும் 4.10 டிஃப்ரென்ஷியல் விகிதமும் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.10 சுற்றுகள்) உள்ள வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றுகளும், ஷாஃப்ட் சுமார் 2,000 சுற்றுகளும் சுற்றுகின்றன. ஆகவே சக்கரத்தின் சமநிலைக் கோளாறு ஸ்டீயரிங்கில் மெதுவான ஆட்டமாகவும், ஷாஃப்ட்டின் கோளாறு காலடியிலும் இருக்கையிலும் விறுவிறுவென்ற நடுக்கமாகவும் தெரியும். நான் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டு முறை சக்கரங்களை பேலன்ஸ் செய்தேன். பிறகு ஒரு நாள் முன் ஷாஃப்ட்டை முழுவதுமாகக் கழற்றி வைத்துவிட்டு அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டியபோது நடுக்கம் அடியோடு மறைந்துவிட்டது. இந்தச் சோதனையைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வண்டி நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும் வகை என்றால், முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பகிரும் சென்டர் டிஃப்ரென்ஷியலை லாக் செய்யாமல் இதைச் செய்தால் வண்டி நகராது என்பதை நினைவில் வையுங்கள்.

இனி கோணத்துக்கு வருகிறேன். யூ ஜாயின்ட் வளைந்த நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே செல்லும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். 8 பாகை வளைவில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் ஒரு விழுக்காடுதான். 14 பாகையில் அது மூன்று விழுக்காட்டை நெருங்கிவிடும். இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு யூ ஜாயின்ட் உள்ள ஷாஃப்ட்டில், இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்து, ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் கவை போன்ற இரண்டு யோக்குகளும் ஒரே வரிசையில் இருந்தால், ஒரு முனை உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை மறுமுனை ஈடுகட்டிவிடும். கோணம் பெரிதாவதைவிடக் கோணங்கள் சமமில்லாமல் போவதுதான் அதிர்வுக்கு முதல் காரணம்.

லிஃப்ட் செய்யும்போது இந்தச் சமநிலை எப்படிக் கெடுகிறது என்பதை என் வண்டியில் அளந்தே புரிந்துகொண்டேன். முன் ஷாஃப்ட்டின் நீளம் 750 மில்லிமீட்டர். 75 மில்லிமீட்டர் உயர்த்தியதும் அதன் சாய்வு 8 பாகையிலிருந்து 14 பாகையை நெருங்கியது. விசையை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இந்த 14 பாகை அப்படியே இருக்க, ஆக்சிலின் டிஃப்ரென்ஷியலுக்குள் விசையைக் கொடுக்கும் பினியன் முனையில் 9 பாகைதான் இருந்தது. ஆக்சிலைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம்கள், சேசிஸ் உயர்ந்ததும் பின்முனையில் மேலேறி, ஆக்சிலையே ஐந்து பாகை அளவுக்குச் சுழற்றிவிட்டிருந்தன. பினியன் மேல்நோக்கித் திரும்பிய அதே அளவுக்குச் சக்கரங்களின் கேஸ்டர், அதாவது ஸ்டீயரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் திருப்பு அச்சின் பின்சாய்வு, குறைந்திருந்தது. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர மறுத்ததும், வண்டியின் அடித்தளம் நடுங்கியதும் எனக்கு இரண்டு தனித்தனிக் குறைகளாகத் தோன்றியிருந்தன. உண்மையில் இரண்டுக்கும் மூலம் ஒன்றே. கேஸ்டரைச் சரிசெய்யும் பிராக்கெட்டுகளைப் பொருத்தி ஆக்சிலைப் பழைய நிலைக்குத் திருப்பியதும் கோணங்கள் 14, 13 என்று ஏறத்தாழச் சமமாயின. ஸ்டீயரிங்கும் சரியானது, நடுக்கமும் நின்றது. அதற்கு முன் வீணாக மாற்றிய இரண்டு யூ ஜாயின்ட்களை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் என் தீர்வை அப்படியே பின்பற்றிவிடாதீர்கள். உங்கள் ஷாஃப்ட்டின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரண்டு யூ ஜாயின்ட்கள் அடுத்தடுத்து இருக்கும் டபுள் கார்டன் அமைப்பு இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அந்த அமைப்பு தன் ஏற்ற இறக்கத்தைத் தனக்குள்ளேயே தீர்த்துக்கொள்வதால், பினியன் முனையின் ஒற்றை ஜாயின்ட் ஏறத்தாழ நேராக, அதாவது பினியன் டிரைவ் ஷாஃப்ட்டின் திசையிலேயே பார்த்தபடி, இருக்க வேண்டும். அங்கே கேஸ்டருக்காக ஆக்சிலைத் திருப்பினால் பினியன் கீழே இறங்கி அதிர்வு புதிதாக உண்டாகும். கேஸ்டர், பினியன் இரண்டும் முழுமையாக வேண்டுமென்றால் ஆக்சிலின் முனைகளை வெட்டி, சக்கர நக்கிள்களைத் திருப்பி மறுபடி வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும். மூன்று அங்குல லிஃப்ட்டுக்கு அது மிகையான வேலை என்றே நினைக்கிறேன். ஸ்டீயரிங் பாதுகாப்பாக இருக்கும் அளவுக்குக் கேஸ்டரைக் காத்துக்கொண்டு எஞ்சியதைப் பினியனுக்கு விட்டுக்கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில், டிஃப்ரென்ஷியலைக் கீழே இறக்காதவரை முன் ஷாஃப்ட்டின் கோணம் மாறவே மாறாது. அங்கே சிரமப்படுவது சக்கரங்களுக்குச் செல்லும் ஆக்சில் ஷாஃப்ட்கள்தான்.

அளக்கும்போது வண்டி சமதரையில், தன் முழு எடையும் சக்கரங்களின் மீது இருக்கும்படி நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி ஆக்சில் தொங்கும் நிலையில் எடுக்கும் அளவால் பயனில்லை. காந்தம் உள்ள டிஜிட்டல் கோணமானி ஒன்றே போதும். ஷாஃப்ட்டைக் கழற்றும்போது, அது நீளவும் குறுகவும் இடமளிக்கும் பல்வரிசை இணைப்பான ஸ்பிலைனின் இரு பகுதிகளிலும் நேர்க்கோட்டில் குறியிட்டுவிடுங்கள். ஒரு பல் தள்ளிப் பொருத்தினாலும் யோக்குகளின் வரிசை கெட்டு, எல்லாக் கோணங்களும் சரியாக இருந்தும் அதிர்வு தொடரும்.

ஸ்பிலைனையும் மறக்காமல் பாருங்கள். என் கணக்கில், நிற்கும் நிலையில் ஷாஃப்ட் 14 மில்லிமீட்டர்தான் நீண்டிருந்தது, ஆனால் சக்கரங்கள் மேலும் 100 மில்லிமீட்டர் கீழே தொங்கும்போது அது 40 மில்லிமீட்டரைத் தாண்டியது. இதற்கு மட்டும் ஆக்சிலை முழுவதுமாகத் தொங்கவிட்டு, ஸ்பிலைன் எவ்வளவு உள்ளே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். பிடிமானம் போதாமலிருந்தாலோ, அந்த நிலையில் யோக்கின் காதுகள் ஒன்றோடொன்று உரசினாலோ, நீளமான ஷாஃப்ட்டுக்கோ டபுள் கார்டன் ஷாஃப்ட்டுக்கோ செலவு செய்யத் தயங்க வேண்டாம். ஓட்டத்தில் பிரிந்து சுழலும் ஷாஃப்ட் கியர்பாக்ஸின் உறையையே உடைத்துவிடும். டபுள் கார்டன் வாங்கினால், அதன் நடுவிலுள்ள உருண்டைக்கு ஊசி முனை கொண்ட கிரீஸ் கன்னால் கிரீஸ் ஏற்ற முடிகிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.