வலி நின்றபின்னும் உணவை மறுக்கும் குழந்தை

கேள்வி: என் ஏழு வயது மகளுக்குச் சீலியாக் நோய் என்று உறுதியானதால் கோதுமையை அறவே நிறுத்திவிட்டோம். வயிற்றுவலி குறைந்தபோதிலும் சோற்றைக்கூடத் தொட மறுக்கிறாள். அதட்டி ஊட்டலாமா?
– ஒரு தாய், ரோஸ்ஹில், மொரிசியஸ்

பதில்: அதட்ட வேண்டாம், அம்மா. கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே சென்றால், சீலியாக் நோயுள்ளவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் அவர்களது சிறுகுடலின் உட்பரப்பையே தாக்குகிறது. சாப்பிட்டால் வலிக்கும் என்று அனுபவத்தில் அறிந்துகொண்ட குழந்தைக்கு, குடல் தேறத் தொடங்கிய பின்னும் அந்த அச்சம் எளிதில் விலகாது. இது பிடிவாதம் அன்று.

முதலில் உங்கள் அடுக்களையைக் கவனியுங்கள். கடையில் வாங்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பதால், ரசம் வழியாகவே குளூட்டன் சேரக்கூடும். வீட்டாருக்கு ஃபராட்டா என்னும் கோதுமை ரொட்டி சுடும் கல்லில் அவளுக்குத் தோசை வார்க்காதீர்கள். பிறகு, எல்லாரும் ஒன்றாக அமரும் வேளையில், இரண்டு கரண்டி பருப்புச் சோற்றை அவளே போட்டுக்கொள்ளட்டும். மீதம் வைத்தாலும் கெஞ்சாமல் தட்டை எடுத்துவிடுங்கள். எடை குறைந்தாலோ வலி திரும்பினாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். அச்சம் நீடித்தால் குழந்தை உளவியலாளரின் உதவியையும் கேளுங்கள். தண்ணீரும் குடிக்க மறுத்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.