வாலிபர் ஐக்கியம் நடத்துகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பல வருடங்களாக வாலிபர் ஊழியத்தில், அதாவது சபையின் இளைஞர் குழுவான வாலிபர் ஐக்கியத்தை நடத்தும் பணியில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் அடிக்கடி வருகிறவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, முகாம் முடிந்த வாரம் உட்கார இடமில்லை. இப்போது ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள். என்ன செய்வது?

பதில்: முகாமுக்கு வந்த கூட்டத்தை வைத்து ஐக்கியத்தை அளக்காதீர்கள் தம்பி. வாட்ஸ்அப் குரூப்பில் 'ஏன் யாரும் வரவில்லை' என்று பொதுவாகப் போட்டால் ஒருவருக்கும் உறைக்காது. தனித்தனியாகப் போன் செய்யுங்கள், 'பரீட்சை எப்படிப் போச்சு' என்று கேளுங்கள், கூட்டத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். அப்புறம், வருகிற அந்த ஏழெட்டுப் பேருக்கு உண்மையான வேலை கொடுங்கள். 1881-ல் அமெரிக்காவில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் கிறிஸ்டியன் எண்டெவர் சங்கத்தைத் தொடங்கியபோது, ஜெபக்கூட்டம் நடத்துவது, புதியவர்களைத் தேடிப்போவது என்று வாலிபர்களையே குழு குழுவாகப் பிரித்துப் பொறுப்பைக் கையில் கொடுத்தார். அது பல நாடுகளுக்குப் பரவியது. கடைசி வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருக்கும் பையனிடம் பாடல் வரிகளைத் திரையில் போடும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள், சீக்கிரமே எல்லாருக்கும் முன்னால் வந்து கேபிளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பான். ஒரு வரி தப்பிப் போனால் மட்டும் எல்லார் முன்னாலும் திட்டிவிடாதீர்கள்.

கேள்வி: கூட்டத்தில் வேதச் செய்தி எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?

பதில்: இருபது நிமிடம் போதும். அப்போஸ்தலன் பவுல் பிரசங்கித்தபோதே ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் தூங்கி விழுந்தான். மிச்ச நேரத்தில் அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் தனக்கு நடக்கும் ஒரு கொடுமையைப் பள்ளி மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அழுகிறாள்.

பதில்: சகோதரி, அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். 'நீ சொன்னதை நம்புகிறேன், இதில் உன்மேல் தப்பு எதுவும் இல்லை, ஆனால் உன்னைக் காப்பாற்றக்கூடிய ஒருவரிடம் நான் சொல்லியாக வேண்டும், யாரிடம் சொல்கிறேன் என்பதை உனக்குச் சொல்லிவிட்டே செய்வேன்' என்று சொல்லுங்கள். துருவித் துருவி விசாரிக்க வேண்டாம், அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே அன்றைக்கே எழுதி வையுங்கள். ஆயரிடம் தாமதிக்காமல் பேசுங்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கான அரசு உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். குற்றம் சாட்டப்படுகிறவர் சபையில் பெரிய மனிதராக இருந்தாலும் இதில் சமரசம் கூடாது. சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பதைப்போல ஒரு பாவம் இந்த ஊழியத்தில் இல்லை. எல்லாத் தலைவர்களுக்குமே சொல்கிறேன்: சிறுவர் சிறுமியரோடு மூடிய அறையில் தனியாக உட்காராதீர்கள், ராத்திரி நேரத்தில் தனியாக மெசேஜ் அனுப்பாதீர்கள்.

கேள்வி: 'கடவுள் இருக்கிறார் என்பதே எனக்குச் சந்தேகம்' என்று ஒருவன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். மற்றவர்களும் கெட்டுப்போவார்களோ?

பதில்: அவன் வாயைத் திறந்ததற்காகச் சந்தோஷப்படுங்கள். மற்றவர்கள் மனதிலும் அது இருக்கும், கேட்கத்தான் தைரியம் இல்லை. இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பமாட்டேன் என்று சீஷன் தோமா சொன்னபிறகும் மற்ற சீஷர்கள் அவனை வெளியே தள்ளவில்லை, எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது அவனும் அவர்களோடு உள்ளேதான் இருந்தான். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அடுத்த வாரம் சேர்ந்து தேடலாம்.

கேள்வி: அண்ணா, எல்லாவற்றையும் நானே செய்கிறேன். களைத்துவிட்டேன். விட்டால் எல்லாம் நின்றுவிடுமோ என்று பயம்.

பதில்: மோசே காலைமுதல் மாலைவரை தனியாக ஜனங்களின் வழக்குகளை நியாயம் விசாரித்ததைப் பார்த்த அவர் மாமனார் எத்திரோ, 'நீர் செய்கிற காரியம் நல்லதல்ல' என்றுதான் சொன்னார். இன்றைக்கே இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். நன்றாகப் பாடுகிறவர், நன்றாகப் பேசுகிறவர் என்று பார்க்காமல், கூட்டம் முடிந்தபிறகு ஓரமாக நிற்கும் புதியவரிடம் தானாகப் போய்ப் பேசுகிறவர் யார் என்று கவனியுங்கள். சில மாதம் அவர்கள் உங்களோடு சேர்ந்து நடத்தட்டும், அப்புறம் அவர்கள் நடத்த நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். நீங்கள் செய்கிற மாதிரியே செய்யமாட்டார்கள், சொதப்பவும் செய்வார்கள், நடுவில் எழுந்து மைக்கை வாங்கிவிடாதீர்கள். பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கும் தேதியையும் ஆயரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.