டிடெக்டர் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் முடித்து, போன வருடம் ஜேர்மனிக்கு முதுமாணி படிக்க வந்தீர்கள். இப்போது ஆய்வேட்டுக்காகத் துணிக்கை டிடெக்டர், அதாவது அணுவிலும் சிறிய துணிக்கைகள் கடந்து போவதைக் கண்டறியும் கருவி, செய்யும் ஆய்வுகூடம் ஒன்றில் சேர்ந்து ஐந்து கிழமை. கூட இருப்பவர்கள் எல்லாரும் கைவேலை பழகியவர்கள், நான் பரீட்சைக்குப் படித்தே வந்தவள், கிழமைக் கூட்டத்தில் இன்னும் வாய் திறக்கவில்லை, எனக்கு இது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கதிர்வீச்சை நினைத்து அம்மா நித்திரை கொள்ளாமல் இருக்கிறா என்றும் எழுதியிருந்தீர்கள்.

நான் இதே வேலையில் இருபது வருடமாக ஜேர்மனியில் இருக்கிறேன். இப்போது விடுமுறையில் கொக்குவிலில், அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன்.

சரிவரும். கைவேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990களின் முன்பாதியில் குடாநாட்டில் கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைப்பார், நான் பெடலைச் சுற்றுவேன், டைனமோவில் இருந்து வரும் மின்னில் தமிழோசை செய்தி கேட்போம். டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நாலு டயோட்டும் ஒரு பெரிய கொள்ளளவியும் வைத்தால்தான் குரல் கேட்கும். கொள்ளளவி பழுதானால் செய்திக்கு மேலால் ஒரே இரைச்சல். எந்தக் கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது அப்பாவின் வேலை. உங்கள் ஆய்வுகூடத்திலும் பாதி நாள் இதே வேலைதான் நடக்கும். 300 மைக்ரோமீட்டர் தடிப்பான சிலிக்கன் தகட்டை (அதுதான் சென்சர்) ஒரு வேகமான துணிக்கை கடந்து போனால் கிடைப்பது ஏறத்தாழ 22,000 இலத்திரன்கள். அவ்வளவுதான் சமிக்ஞை. நிலத்தொடுப்பு ஒழுங்கில்லை என்றால், பக்கத்தில் ஒரு மலிவான மின்வழங்கி ஓடினால், அந்தச் சமிக்ஞை இரைச்சலில் அமிழ்ந்துவிடும். இரைச்சல் எங்கே இருந்து வருகிறது என்று ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியாது. பேராசிரியருக்கும் தெரியாது. ஒரு வயரைக் கழற்றி, அளந்து, எழுதி, அடுத்ததைக் கழற்ற வேண்டும்.

ஒரு சின்ன விஷயம், எல்லாரும் முதல் மாதம் மாட்டிக்கொள்வது: சென்சரின் கசிவு மின்னோட்டம், அதாவது துணிக்கை வராதபோதும் ஓடும் சிறு மின்னோட்டம், கூடிக் காட்டினால் பதறாதீர்கள். மேலே கறுப்புத் துணி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சிலிக்கன் வெளிச்சத்தையும் உணரும். அப்புறம் அறை வெப்பநிலையைப் பாருங்கள். ஏழெட்டுப் பாகை கூடினாலே கசிவு இரட்டிப்பாகும்.

வயர் பொண்டிங், அதாவது சென்சரை மெல்லிய கம்பிகளால் மின்சுற்றோடு இணைக்கும் வேலை, பற்றிப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வேலையில் இன்றைக்கும் ஆசை குறையவில்லை. 25 மைக்ரோமீட்டர் அலுமினியக் கம்பி, தலைமயிரை விட நன்றாக மெல்லியது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஊசி வந்து கம்பியைத் தளத்தில் அமத்தும், மீயொலி அதிர்வு ஒரு நொடிக்கும் குறைவாக, கம்பியின் அடி கால் மிதித்ததுபோலத் தட்டையாகி ஒட்டிக்கொள்ளும். ஈயப்பற்று இல்லை, சூடு இல்லை. பிறகு சின்னக் கொளுக்கியால் சில கம்பிகளை இழுத்து அறுத்துப் பார்ப்போம். எத்தனை கிராமில் அறுந்தது என்பதோடு, எங்கே அறுந்தது என்பதையும் பாருங்கள். தட்டையான இடத்தின் கழுத்தில் அறுந்தால் நல்ல ஒட்டு. அடியோடு பெயர்ந்து வந்தால் தளம் அழுக்கு, அல்லது இயந்திர அமைப்புப் பிழை. இதை எனக்கு ஒரு வயதான தொழில்நுட்பவியலாளர் காட்டித் தந்தார். அவரிடம் பட்டம் இல்லை, ஆனால் அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரிந்ததில் பாதியாவது தெரிந்தவர் ஒருவரும் இருக்கவில்லை. உங்கள் இடத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவரோடு ஜேர்மன் கதைக்கப் பாருங்கள், பிழையாக என்றாலும். ஆங்கிலத்தில் அவர் சொல்லாத பல விஷயம் வெளியே வரும்.

இனி வாய் திறக்காமல் இருப்பது. இதற்காகத்தான் நான் முக்கியமாக எழுதுகிறேன்.

நான் சேர்ந்த முதல் வருடம். குளிர்ப்பெட்டியில் மறை 20 பாகையில் ஒரு மொடியூலை, அதாவது மின்சுற்றோடு சேர்த்துப் பொருத்திய சென்சரை, சோதித்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் உலர்ந்த காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரப்பதன் பனியாகப் படியும். இரவு வேலை முடித்தபோது பெட்டி இன்னும் சூடாகி முடியவில்லை. நான் காற்றின் வால்வை மூடிவிட்டேன். அது என் பிழை. காலையில் வந்து பார்க்கும்போது தகட்டில் நீர்த்துளிகள். அவசரமாக நைதரசன் வாயு அடித்து உலர்த்தி, மின்னழுத்தம் கொடுத்தேன். 150 வோல்ற் வரும்போது மின்னோட்டம் எகிறியது. சென்சர் போய்விட்டது.

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏ.எல் வகுப்பிலிருந்து பழகிய பழக்கம் அது. பிழை விட்டால் ஆசிரியர் எல்லார் முன்னாலும் எழுப்பி வைத்துக் கேட்பார், ஆகவே பிழையை மறைத்துவிட்டு அடுத்த முறை சரியாகச் செய்யப் பார்ப்போம். நான் மறைத்திருந்த அந்த நாளில், வேறொரு மாணவி அதே பெட்டியில் தன்னுடைய மொடியூலை வைத்தாள். பெட்டியின் மூலையில் ஈரம் மிச்சம் இருந்தது. அவளுடைய மூன்று மாத வேலையும் போனது.

அடுத்த நாள் சொன்னேன். பேராசிரியர் சத்தம் போடவில்லை. நீ எத்தனை மணிக்குக் கண்டாய் என்று மட்டும் கேட்டார். காலை எட்டு மணி என்றேன். அவள் தன்னுடையதை வைத்தது பதினொரு மணிக்கு. அந்த மூன்று மணித்தியாலத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த மாணவி என்னோடு கதைக்க ஒரு மாதம் எடுத்தது, அது நியாயம்.

ஆகவே தங்கச்சி, கூட்டத்தில் பெரிய கருத்துச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். “நான் இதை உடைத்துவிட்டேன்”, “இந்த வரைபு எனக்கு விளங்கவில்லை”, “நேற்று வந்த எண் இன்றைக்கு வரவில்லை”, இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னால் போதும். அங்கே அப்படிச் சொல்பவரை மொக்கு என்று ஒருவரும் நினைப்பதில்லை. எல்லாவற்றையும் பதிவுப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதுங்கள், வெப்பநிலை, ஈரப்பதன், எந்தக் கம்பி, எந்த வால்வு. பிழையான அளவீட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

அம்மாவின் பயம். டிடெக்டரைச் சோதிக்க நீங்கள் பாவிப்பது அநேகமாக ஸ்ரொன்ரியம்-90 ஆக இருக்கும், சிறிய கதிர்வீச்சு மூலம். அதிலிருந்து வரும் பீற்றாத் துணிக்கைகளை, அதாவது வேகமான இலத்திரன்களை, சில மில்லிமீட்டர் அலுமினியம் நிறுத்திவிடும். கையால் தொடாமல், முகத்துக்குக் கிட்டப் பிடிக்காமல், வேலை முடிய அலுமாரியில் பூட்டினால் சரி. இயற்கையிலிருந்தே ஜேர்மனியில் ஒருவருக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிசீவேட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கிடைக்கிறது, ஒழுங்காக வேலை செய்தால் உங்கள் மேசையில் கிடைப்பது அதற்குப் பக்கத்திலும் வராது. இன்னொன்றும் அம்மாவுக்குச் சொல்லலாம்: வானத்திலிருந்து வரும் மியூவோன் என்ற துணிக்கைகள் சதுர சென்ரிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று அளவில் எல்லாரையும் ஊடுருவிப் போகின்றன. அவ நல்லூர் வீதியில் நிற்கும்போதும்தான். நாங்கள் டிடெக்டரைச் சோதிப்பதும் அவற்றை வைத்துத்தான், காசு கொடுக்கத் தேவையில்லை.

ஒப்பந்தங்களைப் பற்றி இப்போதே தெரிந்து வையுங்கள். பிறகு கலாநிதிப் பட்டத்துக்குப் போனால் சம்பளம் உண்டு, ஆனால் பெரும்பாலும் அரை நேர அல்லது முக்கால் நேரச் சம்பளம், தவணை ஒப்பந்தம். பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம் என்று தவணை ஒப்பந்தத்துக்குச் சட்டத்தில் எல்லை இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை மிகக் குறைவு. ஜெனீவாவில் உள்ள சேர்ண் ஆய்வுகூடத்தின், துணிக்கைகளை மோதவைக்கும் பெரிய வளையத்தை மேம்படுத்தும் வேலைக்குப் புதிய சிலிக்கன் டிடெக்டர்கள் செய்யும் காலம் இது, உங்களைப் போல நூற்றுக்கணக்கானோர் கை பழகுகிறார்கள். அந்தக் கைப்பழக்கத்துக்கு வெளியே குறைகடத்திக் கம்பனிகளில், மருத்துவப் படமெடுக்கும் கருவிகளில் வேலை இருக்கிறது. அதை இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம்.

நல்லூர்த் தீர்த்தம் முடிந்த மறுநாள் நான் வெளிக்கிடுகிறேன். உங்கள் அம்மாவின் வீடு திருநெல்வேலிப் பக்கம் என்றால் ஒரு பின்னேரம் போய் அவவோடு நேரில் கதைக்கிறேன். என் பெட்டியில் ஒரு கிலோ மிளகாய்த்தூளுக்கும் கொஞ்சம் ஒடியல் மாவுக்கும் இடம் இருக்கிறது, இடித்து வைக்கச் சொல்லுங்கள்.