ஐயாவின் பேரேட்டில் ஒரு விதிவிலக்கு

கேள்வி: ஓய்வுபெற்ற வங்கி ஊழியன் நான். பகா எண்களில் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்திருக்கிறேன். 31, 331, 3331 என்று முன்னால் 3 சேர்த்துக்கொண்டே போனால் எல்லாமே பகா எண்கள். எட்டு இலக்கம் வரை பார்த்துவிட்டேன். ஒன்பது இலக்க எண் 17-ஆல் வகுபடுகிறது என்று கல்லூரியில் படிக்கும் மகள் சொன்னாள். அதை விதிவிலக்கு என்று, என் ஐயாவின் பர்மாக் கடைக் கணக்குப் பேரேட்டில் மிச்சமிருந்த தாளில் குறித்து வைத்திருக்கிறேன். பேராசிரியர்கள் பதில் போடவில்லை. ராமானுஜனையும் முதலில் யாரும் மதிக்கவில்லையே? வீட்டிலும் கேலி. என்ன செய்வது?
- வாசகர், தேவகோட்டை

பதில்: பேராசிரியர்களை விடுங்கள். எந்தத் தாளில் எழுதினேன் என்று போகிற போக்கில் சொன்னீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

ஐந்தொகை எடுக்கும்போது ஒரு அணா இடித்தால், "மற்ற பக்கமெல்லாம் சரி, இது விதிவிலக்கு" என்று உங்கள் ஐயா படுக்கப் போயிருப்பாரா? மேலாள் முதல் பெட்டியடிப் பையன் வரை எல்லாரையும் உட்காரவைத்து விடிய விடியத் தேடியிருப்பார். அவர் பேரேட்டிலா இந்த வார்த்தை? பிள்ளையார் நோன்புக்கு 20 இழையில் திரி திரித்துவிட்டு, 21-ஆவது இழை விதிவிலக்கு என்பீர்களோ?

ஏழு எண் ஒத்துவந்ததில் ஒன்றுமில்லை. ஓர் எண்ணை அடுத்த எண்ணால் பெருக்கி 41 கூட்டுங்கள். 0 முதல் 39 வரை நாற்பது தடவையும் பகா எண்தான் வரும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் காலத்துச் சங்கதி இது. 40-க்கு வாருங்கள்: 1681. அது 41 × 41. நாற்பது ஒத்துவந்ததே, எப்போதும் பகா எண்தான் வரும் என்று ஆய்லர் சாதிக்கவில்லை.

அப்புறம் ராமானுஜன். இந்த மாதிரிக் கடிதம் எதிலும் அவர் பெயர் இல்லாமல் இருந்ததில்லை. 1913-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியபோது, பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் சொன்னதே தவறாகத்தான் போயிற்று. ஹார்டி அவரிடம் கேட்டதும் நிரூபணத்தைத்தான். நீங்கள் எந்த நிரூபணத்தை அனுப்பினீர்கள்?

கேலி என்கிறீர்கள். "அப்பச்சி, இது 17-ல வகுபடுது" என்று பெற்ற மகள் சொல்வதா கேலி? பெண்ணைப் படிக்கவைத்தது நீங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டவா? உங்கள் வீட்டில் கணக்குப் போட்டது அவள் ஒருத்திதான். அவளைத்தான் ஓரத்துக் குறிப்பாக ஒதுக்கிவிட்டீர்கள்.

இன்று சாயங்காலம் பேரேட்டை முகப்புக்கு எடுத்து வாருங்கள். விதிவிலக்கு என்ற சொல்லை உங்கள் கையாலேயே அடியுங்கள். பேனாவை அவளிடம் கொடுங்கள். 333333331 = 17 × 19607843 என்று எழுதி, தேதியும் தன் பெயரும் போடட்டும்.